கடுக்காய் மூட்டை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டியைத் தவறவிட்டது என் பிழைதான். டீ ஆறட்டும் என்று நின்றேன், வண்டி நிற்கவில்லை. அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் டீக்கடைக்காரர். "மலை வண்டிக்குப் போறவங்க டீயப் பார்சல் வாங்கிக்கணும் சார்" என்று ஒரு புத்திமதியும் சேர்த்துக்கொண்டார்.

ஊர்ப் பெயரின் முன்பாதியை வைத்து வெளியூர்க்காரர்கள் அடிக்கும் நகைச்சுவை இங்கே யாருக்கும் பிடிப்பதில்லை. 'கல்லை' என்று சுருக்கிக்கொள்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் பிடித்தது பின்பாதி. குறிஞ்சி நிலத்து ஊரைப் பழைய இலக்கணக்காரர்கள் சிறுகுடி என்றார்கள், குறிச்சி என்றார்கள். ஊர் இருப்பதோ தட்டையான சமவெளியில், நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவே. மேற்கே வானத்தின் அடியில் நீலக்கோடாகக் கிடக்கிற மலையைப் பார்த்த பிறகு, இந்தப் பெயர் எந்தத் திசையைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கும் என்று யோசனை ஓடும்.

ஒன்றரை மணி நேரத்தைக் கழிக்க ஒரு மரச்சிற்பப் பட்டறைக்குள் நுழைந்தேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பக்கம் பல குடும்பங்களுக்கு இதுவே பிழைப்பு. பட்டறைப் பெரியவர் வாகைப் பலகை ஒன்றைக் கால்களுக்கிடையே கிடத்திக்கொண்டு, கொட்டாப்புளியால் உளியின் தலையில் தட்டிக்கொண்டிருந்தார். ஓங்கி அடிக்கவில்லை. தூங்கும் பிள்ளையின் முதுகில் தட்டுவதுபோல ஒரே சீராகத் தட்டினார். பிள்ளையாரின் துதிக்கை மடிப்பிலிருந்து சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. மரமெல்லாம் மலையிலிருந்தா வருகிறது என்று கேட்டேன். நிமிராமலே சிரித்தார். "அது தாத்தா காலம் தம்பி. இப்ப மலை மரத்துல கை வச்சா, அப்புறம் சாமிய ஜெயிலுக்குள்ளதான் செதுக்கணும்."

முந்தின நாள் திருக்கோவிலூரில் இருந்தேன். கூட்டம் அலைமோதும் உலகளந்த பெருமாள் கோயிலில், தூக்கிய திருவடியோடு நிற்கும் அந்த நெடிய உருவத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. மழை இரவில் ஒரு குறுகிய இடைகழியில் முதலாழ்வார்கள் மூவரும் நெருக்கியடித்து நின்றது இங்கேதான் என்பார்கள். ஆனால் நான் அதிக நேரம் நின்றது ஆற்றங்கரையில். தென்பெண்ணைக்குள் ஒரு பாறை, அதன் தலையில் சின்னதாக ஒரு கோயில்: கபிலர் குன்று. வள்ளல் பாரியின் மகளை மணம் முடித்துக் கொடுத்த கையோடு புலவர் கபிலர் தீப்புகுந்த செய்தியைப் பக்கத்திலுள்ள கீழூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டே சொல்கிறது. அந்த ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி இந்த ஊர் மலையமான் குலத்துப் பெண். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டி, சாத்தனூர் அணை நிரம்பி, இதே ஆறு கரைகளை மீறி ஊர்களுக்குள் புகுந்தது. நான் போனபோது பாறையைச் சுற்றிக் கணுக்கால் அளவுத் தண்ணீர். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கபிலர் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

கொஞ்ச தூரத்தில் ஜம்பை. அங்குள்ள குகையில் 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு இருக்கிறது. அசோகரின் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்விக்கு, ஒரு மாட்டுவண்டிப் பாதையோரத்துக் கிராமத்துப் பாறை பதில் வைத்திருந்தது.

திருக்கோவிலூரை ஆண்டவர்கள் சூடிய மலையமான் என்ற பட்டம் இந்தப் பயணம் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மலையமானின் மலை முள்ளூர் மலை, நான் ஏறப்போவது கல்வராயன், இரண்டும் வேறு. ஆனால் ஆற்றங்கரையிலிருந்து ஆண்ட ஒருவன், மலைக்கு உடையவன் என்று சொல்லிக்கொள்வதைத்தான் பெருமையாக நினைத்திருக்கிறான். கல்வராயன் மலையில் இன்று வாழும் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேசுவது தமிழ். மலை ஆளி, மலையை ஆள்பவர். காஞ்சிபுரத்திலிருந்து கரியராமனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

வண்டி வந்தது. தை மாதம், கரும்பு வெட்டு மும்முரம். டிராக்டர்கள் தம் அகலத்தைவிட இரண்டு மடங்கு கரும்பைச் சுமந்து சாலையை அடைத்துக்கொண்டு போயின. கள்ளக்குறிச்சி பெயரில் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள்: ஒன்று மூங்கில்துறைப்பட்டில், இன்னொன்று நாங்கள் போகும் வழியில் கச்சிராயபாளையத்தில். ஆலை நெருங்கும்போது பேருந்துக்குள் பாகு வாசனை புகுந்தது. முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் குமட்டல்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் கோமுகி அணை. 1960களில் கட்டியது, 46 அடி. கல்படை, பொட்டியம், பரங்கிநத்தம் என்று மலைக் கிராமங்களின் பெயரிலேயே ஓடிவரும் ஓடைகள் இங்கே சேர்கின்றன. வடக்கே சங்கராபுரம் பக்கம் மணிமுக்தா அணைக்கும் இதே மலைதான் தாய்வீடு. கீழே நெல்லும் கரும்பும் தலையாட்டுவது மலையில் பெய்த மழையால். இதற்கு மலைக்கு யாரும் வாய்க்கால் வரி கட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை.

வளைவுகளில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. காது அடைத்தது. என் பக்கத்தில் ஓர் ஆயா, மடியில் பிளாஸ்டிக் கூடை. அதில் கீழே வாங்கிய கத்தரிக்காய், ஒரு பாக்கெட் பொரி, பேரனுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் செருப்பு.

"எந்த ஊரு தம்பி?"

சொன்னேன்.

"அருவி பாக்கவா?"

மேகம், பெரியார் என்று அருவிகளைப் பார்க்கத்தான் பெரும்பாலும் வருகிறார்கள் போல. கரியாலூரில் படகு விடுகிறார்கள், கோடை விழா நடத்துகிறார்கள். நான் சும்மா பார்க்க வந்தேன் என்றதும், ஆயா என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சும்மா வருபவர்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஏதோ அபிப்பிராயம் இருந்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளில் ஒன்று கல்வராயன். சின்ன கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். மேற்கில் கருமந்துறை பக்கம் சேலம் மாவட்டம். வெள்ளிமலை, இன்னாடு, கிளாக்காடு, சேராப்பட்டு என்று இந்தப் பக்கம் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பர் 26இல் மாவட்டம் பிறப்பதற்கு முன், ஒரு மனு கொடுக்க விழுப்புரம் போகவேண்டியிருந்தது. வெள்ளிமலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். 1993க்கு முன் கடலூர், அது இன்னும் தூரம். தாத்தா கடலூருக்கு அலைந்தார், அப்பா விழுப்புரத்துக்கு, பேரன் கள்ளக்குறிச்சிக்கு. மலை இறங்கி வரவில்லை, கலெக்டர் ஆபீஸ்தான் தவணை முறையில் மலையை நோக்கி வருகிறது.

அந்தத் தாத்தாவுக்குக் கடலூரும் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் மலை இருந்தது. வரியும் அவர்களுக்கு, தீர்ப்பும் அவர்களுடையது. நாடு விடுதலை பெற்று 29 வருடம் கழித்து, 1976இல்தான் அரசு மலையைத் தன் கைக்குள் எடுத்தது. எழுபது வயதைத் தாண்டிய யாரை மலையில் பார்த்தாலும், இவர் ஜாகிர்தாரின் குடியாக வளர்ந்தவர் என்ற கணக்கு எனக்குள் தானாக ஓடியது.

வெள்ளிமலையில் இறங்கியதும் குளிர் சட்டைக்குள் புகுந்தது. தாலுகா அலுவலகம், நாலு மளிகைக் கடை, ஒரு பரோட்டாக் கடை. சாலையோரத்துக் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தில் மரவள்ளி என்போம். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு பையன் தண்டின் அடியைப் பிடித்து லேசாக ஆட்டி, மண் இளகியதும் ஒரே இழுப்பில் பிடுங்கினான். ஐந்தாறு கிழங்குகள் கோழிக்கால் விரல்கள்போல விரிந்து வந்தன. பெண்கள் கொடுவாளால் கிழங்கை நறுக்கிச் சாக்கில் போட, தண்டுகள் அடுத்த நடவுக்குக் கரணையாகத் தனியே கட்டப்பட்டன. ஒன்பது பத்து மாத உழைப்பு.

விலை மட்டும் காட்டில் தெரியாது. லாரி மலையிறங்கிச் சின்னசேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகவேண்டும். அங்கே மாதிரிக் கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டு, எத்தனை 'பாயிண்ட்' மாவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை. "நாம தூக்குறது கிழங்கு, அவங்க எடை போடுறது தண்ணிக்குள்ள" என்றார் காட்டுக்காரர். குரலில் கோபம் இல்லை. இருபத்தெட்டு பாயிண்ட் நின்றால் மகளுக்குக் கம்மல் என்று முடிவு செய்திருந்தார். ஊர்க்குடிகள் தின்ன முன்பு சாமையும் தினையும் போட்ட காடுகள் பல இப்போது கிழங்குக் காடுகள். ஆலைக்குப் பக்கத்திலிருப்பவனுக்கு விலை ஏறும்வரை காத்திருக்க முடியும். மலையில் இருப்பவனுக்கு லாரி வந்த அன்றுதான் அறுவடை.

அடுத்த நாள் இன்னாடு போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. பச்சையாக உதிர்ந்ததைப் பொறுக்கி வந்து பரப்பிவிட்டால், காயக் காயச் சுருங்கி, உடம்பில் ஐந்து வரம்பு எழுந்து, மஞ்சளும் பழுப்புமாக மாறிவிடும். ஒன்றை எடுத்துக் கடித்தேன். வாய் முழுக்கத் துவர்ப்பு, நாக்கு தோலாகிவிட்டது. தோல் பதனிடக் காலங்காலமாக இதைத்தான் போட்டார்கள் என்பது அப்போது புரிந்தது. வீட்டம்மா சிரித்தார். "இப்ப தண்ணி குடிங்க." குடித்தேன். தண்ணீர் இனித்தது.

ஆனால் கடுக்காய்க்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. வெல்லம், வேலம்பட்டையோடு பேரலில் போட்டு ஊறவைத்தால் சாராய ஊறல். இந்த மலையின் பெயர் செய்தித்தாளில் வரும்போதெல்லாம் பின்னாலேயே 'ஊறல் அழிப்பு' என்ற சொல்லும் வரும். பொய்யில்லை, காய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வெல்லம் எங்கிருந்து ஏறுகிறது, சாராயம் எங்கே இறங்குகிறது என்ற கேள்விகளுக்குத்தான் பதில் எப்போதும் கீழே இருக்கிறது.

2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி ஊருக்கு நடுவில் கருணாபுரத்தில், பாக்கெட் சாராயம் குடித்த அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். மெத்தனால் எந்த மரத்திலும் காய்ப்பதில்லை, எந்தப் பானையிலும் ஆளைக் கொல்லும் அளவுக்கு ஊறுவதில்லை, ஆலையிலிருந்து வருவது. ஆனாலும் அந்த வாரம் போலீஸ் வண்டிகள் வரிசையாக மலை ஏறின. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கெடுத்தது. சாலை இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று அரசைக் கேட்டது. சாவு கீழே விழுந்த பிறகுதான் மேலே சாலை இல்லாதது கண்ணில் பட்டது. எனக்கு இதில் யாரையும் புனிதராக்கும் ஆசை இல்லை. ஒரு காலத்தில் ராஜாக்கள் பட்டமாகச் சூடிய 'மலை' என்ற சொல், இன்று ஒரு முதல் தகவல் அறிக்கையின் முகவரியாகச் சுருங்கிப்போனதுதான் உறுத்துகிறது.

இறங்கும் வண்டியில் அந்த வீட்டம்மா ஏறினார். அரை மூட்டைக் கடுக்காய், கள்ளக்குறிச்சி நாட்டு மருந்துக் கடைக்கு. எங்களுக்கு முன்னால் கிழங்கு லாரி ஒன்று வளைவுக்கு வளைவு மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியது. அடிவாரத்தில் சோதனைக்காக வண்டியை நிறுத்தினார்கள். இளம் காவலர் ஒருவர் ஏறி, என் பையைத் திறக்காமலே கடந்துபோய், மூட்டையின் முன் நின்றார்.

"என்னம்மா இது?"

"கடுக்கா சார்."

"இவ்ளோ கடுக்கா எதுக்கு?"

"மருந்துக் கடைக்கு."

கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே கைவிட்டுக் கலைத்துப் பார்த்தார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"வயித்துக்கு நல்லதாமே?"

"ராத்திரில இடிச்சு வெந்நீருல போட்டுக் குடிங்க சார். கொட்டைய எடுத்துடணும்."

காவலர் நாலைந்தை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். வீட்டம்மா மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார். வண்டி கிளம்பியது.