எர்த் குழிக்குத் தண்ணீர்

தல்லாகுளத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சித்திரைத் திருவிழாவில் விருந்தாளிகள் குறைவதே இல்லை. என் சிறுவயதில் சுற்றுக் கிராமத்து உறவினர்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொள்வார்கள். எங்களிடம் அவர்கள் கேட்டது கிணற்றுத் தண்ணீர் மட்டும். 2024 ஏப்ரல் 22 அன்று, அழகர் எதிர்சேவைக்குக் கோவையிலிருந்து தங்கையின் குடும்பம் வந்தபோதும் வாசலில் ஒரு வண்டிதான் நின்றது. அது கேட்டது மின்சாரம்.

டெம்போ டிராவலர் ஒன்றை மாப்பிள்ளை வீடாகவே மாற்றியிருந்தார். படுக்கைகள், சின்ன பிரிட்ஜ், வெந்நீர் ஹீட்டர், ஒரு டன் ஏசி. ஓடும்போது எஞ்சின் பேட்டரியை நிரப்பிவிடும். நின்றுவிட்டால் ஏசிக்கு வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். "ஒரு பிளக் பாயின்ட் இருந்தாப் போதுங்க மச்சான்" என்றார்.

அமெரிக்காவில் இத்தகைய வண்டிகள் பலவற்றுக்கு 120 வோல்ட், 30 ஆம்பியர் பிளக். முகாம்களில் அதற்கென்றே கம்பம் நட்டிருப்பார்கள். வீட்டுச் சுவரில் பெரும்பாலும் இருப்பதோ 15 ஆம்பியர். இடையில் ஒரு இணைப்பானைச் செருகி மாட்டிவிடலாம்தான்; அதனால் சுவர் தரக்கூடிய அளவு கூடிவிடாது. நம் கணக்கும் அதேதான். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பாயின்ட் 1380 வாட் தாங்கும், 16 ஆம்பியர் பாயின்ட் 3680 வாட். ஒரு டன் ஏசிக்கு மட்டுமே ஏறத்தாழ 1200 வாட் வேண்டும்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று நான் செய்தது, பரணில் கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரை முன்னறையின் சின்ன பாயின்ட்டிலிருந்து ஜன்னல் வழியாக இழுத்துக் கொடுத்ததுதான். உள்ளே இரண்டே கம்பிகள் ஓடும் பழைய வயர். வண்டியின் பெரிய மூன்று முள் பிளக் அதில் நுழையவில்லை என்பதால் கடைக்குப் போய் ஒரு கன்வெர்ஷன் பிளக்கும் வாங்கி வந்தேன். சுருட்டியபடியே கிடந்த வயர் சூடேறுவதைக் கண்டு பிரித்துப் போட்டேன். அதோடு என் கடமை முடிந்ததென்று பெருமாள் கோயில் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் காலை அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். தண்ணீர் பீய்ச்சியதில் எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தோம். ஆறு வயது மருமகள் வெறுங்காலோடு முன்னால் ஓடி வண்டிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தாள். அலறியபடி பின்னால் விழுந்தாள். நான் உள்ளே பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். குழந்தைக்கு உள்ளங்கை சிவந்திருந்தது, அவ்வளவுதான். தங்கை என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தெருமுனையில் வயரிங் வேலை பார்க்கும் பெரியவரை அழைத்து வந்தேன். காலையில் அணைக்க மறந்த ஹீட்டரில் கசிவு. கசிந்த மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போயிருக்க வேண்டும். நான் கொடுத்த வயரில் அந்த மூன்றாவது கம்பியே இல்லை. வண்டியோ ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. ஈரக்காலோடு தரையில் நின்று தொடுபவர்தான் அதற்குக் கிடைக்கும் வழி. "உள்ள உக்காந்திருக்கிறவனுக்கு ஒண்ணும் தெரியாது சார். கீழ நின்னு தொடுறவனுக்குத்தான் அடிக்கும்" என்றார்.

மூன்று கம்பி வயரைச் சமையலறையின் 16 ஆம்பியர் பாயின்ட்டில் கொடுப்பதற்கு முன், பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 100 வாட் பல்பைப் பிடித்துப் பார்த்தார். இழை லேசாகச் சிவந்ததோடு சரி.

"குழி காஞ்சு கெடக்கு. யாராச்சும் தண்ணி ஊத்துறீங்களா?"

கொல்லையில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய் அது. ஈரம் இருந்தால்தான் மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். கோடை முழுக்க அம்மா அரிசி களைந்த தண்ணீரை அங்கேதான் கொண்டுபோய் ஊற்றுவாள். பக்கத்திலிருந்த கறிவேப்பிலைச் செடிக்கு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். வயரிங் செய்தவர் யாரோ அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அவள் போய் எட்டுக் கோடைகள் ஆகிவிட்டன. செடியும் எப்போதோ பட்டுப்போயிருந்தது, நான் கவனிக்கவில்லை.

நாலு வாளி ஊற்றிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். பல்ப் மஞ்சளாக எரிந்தது. இது போதாது, புதுக் குழி வெட்டுங்கள், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டுங்கள் என்றார் பெரியவர். இரண்டையும் அடுத்த வாரமே செய்தேன். ஹீட்டரை மாப்பிள்ளை அன்றே கழற்றிப் போட்டார்.

அன்றிரவு வண்டியில் ஏசி ஓடியது. மருமகள் மட்டும் ஏற மறுத்து, முன்னறையில் என் பாயில் வந்து படுத்துக்கொண்டாள். தூக்கம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "மாமா, ஆஃப் பண்ணிட்டீங்களா?"