கை கொடுக்காதவர்களும் கைகோத்தவர்களும்

சென்னையிலிருந்து மச்சான் போன் பண்ணினால் பேச்சு கடைசியில் கிரிக்கெட்டில்தான் போய் நிற்கும். 2025 செப்டம்பரில் துபாயில் நம் ஆட்டக்காரர்கள் பாகிஸ்தான்காரர்களுக்குக் கை கொடுக்காமல் நடந்ததைக் கொண்டாடித் தீர்த்தவர் அவர். நான் இருக்கும் கொல்கத்தாவில் ரசிகர்கள் கேலரியில் பேனர் பிடிப்பதைச் சொன்னதும், "விளையாட்டுல எதுக்கு மாப்ளே அரசியல்?" என்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிடித்தால் தேசப்பற்று, பிடிக்காவிட்டால் அரசியலா?

2024 ஆகஸ்ட் 18 அன்று அவர் சால்ட் லேக் ஸ்டேடியம் வாசலுக்கு வந்திருக்க வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டு ஒன்பது நாள். அன்றைக்கு டுராண்ட் கோப்பைக் கால்பந்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவதாக இருந்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆட்டத்தை ரத்து செய்தார்கள். கேலரியில் கிளம்பப்போகும் கோஷத்துக்குத்தான் பயந்தார்கள் என்று லேக் மார்க்கெட்டில் காய் விற்பவர்கூடச் சொன்னார்.

ரத்தான ஆட்டத்துக்கும் ரசிகர்கள் வந்தார்கள்! ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இறால் என்று சமையலறைவரை பகை பாராட்டும் கூட்டம் இது. 1980இல் ஈடன் கார்டனில் இந்த டெர்பியின்போது மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் செத்தார்கள். அப்படிப்பட்டவர்கள், சிவப்பு மஞ்சளும் பச்சை மெரூனுமாகத் தோளோடு தோள் நின்று நியாயம் கேட்டார்கள். முகமதன் ஸ்போர்டிங்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸே தெருவுக்கு வந்தார். தடியடி நடந்தது. அடுத்த ஆட்டத்துக்கும் இதே ஆட்கள்தான் டிக்கெட் வாங்குவார்கள்.

நம் ஊரில்? 2018 ஏப்ரல் 10, சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம். காவிரிக்காகப் போராடியவர்கள், சென்னை அணியின் மஞ்சள் பனியன் போட்டு வந்தவனை வழிமறித்தார்கள். மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. எதிரணி கொல்கத்தா. சென்னையில் நடக்கவிருந்த மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. இங்கே ரசிகனே போராளி. அங்கே ரசிகன்மேல்தான் போராட்டம்.

ஆனால் இந்த ஊர்க்காரர் யாராவது அந்தச் செருப்பைச் சொல்லிச் சிரித்தால் சும்மா விடமாட்டேன். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில், இலங்கையிடம் தோற்கப்போகிறோம் என்றதும் ஈடனில் பாட்டில் எறிந்து, கேலரியில் தீ வைத்து ஆட்டத்தையே நிறுத்தினீர்களே, அதற்கு என்னய்யா கோரிக்கை? எங்கள் செருப்புக்குப் பின்னால் டெல்டா காய்ந்து கிடந்தது.

அதற்கெல்லாம் முன்பே, பெரிய விலை கொடுத்தவர்கள் நம் பையன்கள். 1974இல் இதே கல்கத்தாவின் சவுத் கிளப் டென்னிஸ் புல்தரையில் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி ஆஸ்திரேலியாவை 3–2 என்று வீழ்த்தியது. மொத்தம் 327 கேம்கள்! அடுத்து சோவியத் யூனியனையும் வென்று டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனால், எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆடுவதில்லை என்று அரசு சொல்லிவிட்டது. ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாப்பிரிக்கர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த முடிவு சரிதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

1991இல் தென்னாப்பிரிக்கா திரும்பி வந்து முதல் கிரிக்கெட் ஆட்டம் ஆடியது ஈடனில்தான். ஊரே திரண்டு வரவேற்றது. அமிர்தராஜ் சகோதரர்களுக்கு இன்னொரு டேவிஸ் இறுதி 1987இல் வாய்த்தது. அதற்குள் வயது முப்பதைத் தாண்டியிருந்தது, ஸ்வீடனிடம் 0–5.