வேகம் கூட்டும் பட்டறை

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள ஃபோர்ட் வேன் நகரம், சாயம் நிரப்பிய உருண்டைகளை எய்து விளையாடும் பெயிண்ட்பால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு க்ஷேத்திரம் என்றே சொல்லலாம். அவ்வுருண்டைகளை எய்யும் யந்திரமாகிய மார்க்கரைச் செய்வதில் பெரும் பிரசித்தி அடைந்த டிப்மன் கம்பெனி வளர்ந்த ஊர் அது. நகருக்கு வெளியே, ஆட்ட மைதானம் ஒன்றை ஒட்டித் தகரக் கூரையின் கீழ் நடைபெறும் சிறு பட்டறையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து வேலையைக் கவனிக்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது.

வெட்டவேண்டிய மரங்களுக்கும், மந்தையிலிருந்து பிரிக்கவேண்டிய மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே அடையாளமிடப் பயன்பட்ட நெல்ஸ்பாட் என்னும் கைக்கருவியே இந்த யந்திரத்தின் மூதாதை. 1981 ஜூன் 27-ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரின் ஹென்னிக்கர் என்னுமிடத்தில் 12 பேர் கூடி அதைக்கொண்டு முதல் ஆட்டத்தை ஆடியபோது, ரிச்சி ஒயிட் என்ற வனத் தொழிலாளி ஒரு முறைகூட எய்யாமலே வெற்றி பெற்றார். மறைந்து நடக்கும் சாமர்த்தியத்துக்கு அன்றிருந்த மதிப்பு இன்று அடுத்தடுத்து விரைந்து எய்யும் வேகத்துக்குப் போய்விட்டது. பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பதும் அந்த வேகத்தையே.

அன்று ஒரு வாலிபன் கொண்டுவந்தது டிப்மன் 98 கஸ்டம் என்ற மார்க்கர். எய்த பிறகு விசையைத் தானாகவே முன்னுக்குத் தள்ளிவிடும் ‘ரெஸ்பான்ஸ் டிரிகர்’ என்ற உபகரணத்தை அதில் பூட்டவேண்டும் என்பது அவன் விருப்பம். பட்டறைப் பெரியவர் முதலில் வாயுக்கலத்தைக் கழற்றினார். பிறகு குழலைத் தரையை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தி, உள்ளே மிச்சமிருந்த வாயுவையும் வெளியேற்றிய பின்புதான் ஆலன் கீயைக் கையில் எடுத்தார். திருகாணிகள் கழன்றதும் யந்திரத்தின் உடல் இரண்டு பாதிகளாகப் பிரிந்தது. ஹாமர், ஸ்பிரிங், வால்வு, மெல்லிய இணைப்புக் கம்பி ஆகிய யாவும் அவை அமைந்திருந்த வரிசையிலேயே வெள்ளைத் துணியின்மேல் வைக்கப்பட்டன. ஓ-ரிங் ஒவ்வொன்றையும் விரல் நுனியில் உருட்டிப் பார்த்து, மயிரிழை போன்ற வெடிப்புக் கண்ட ஒன்றை, வாலிபன் கேளாமலே, மாற்றிவிட்டார்.

இந்த உபகரணத்தின் தத்துவம் எளிதானது. ஹாமர் வால்வைத் தாக்கும்போது வெளிப்படும் வாயுவில் ஒரு பங்கு உருண்டையை முன்னே செலுத்துகிறது. மற்றொரு பங்கு ஹாமரைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த எய்தலுக்குத் தயார் செய்கிறது. இதிலும் மிஞ்சும் வாயுவைச் சிறு குழாய் வழியே ஒரு பிஸ்டனுக்குக் கொண்டுபோய், அதனால் விசையைத் தள்ளச் செய்வதே ஏற்பாடு. ஆனால் பூட்டுகிற இடத்தில் அந்தக் குழாய் எங்கும் மடங்கலாகாது, உடலின் இரு பாதிகளுக்கிடையே நசுங்கவும் கூடாது. பெரியவர் அதிக நேரம் செலவிட்டது இந்த ஒரு காரியத்தில்தான். குழாயை வளைத்து, மூடிப் பார்த்து, மறுபடி திறந்து, திருப்தி ஏற்பட்ட பிறகே திருகாணிகளை முடுக்கினார்.

பூட்டுவதைவிடப் பரீக்ஷை கடினமானது. உருண்டை போடாமல் வாயுவை மட்டும் ஏற்றி எய்தபடியே, பெரியவர் வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, மிருதங்க வித்துவான் சுருதி சேர்ப்பதுபோலக் காதால் கேட்டே அளவைத் தீர்மானித்தார். வாயு குறைந்தால் விசை விரலைத் தள்ளிக்கொண்டு திரும்பாது. மிகுந்தால் விரலை அமுக்க விடாமல் விசை எதிர்த்து நிற்கும். அடுத்து முகக்கவசங்களை அணிந்துகொண்டு, குரோனோகிராஃப் என்னும் வேகமானியின் முன் சென்றோம். பெரும்பாலான மைதானங்களில் வினாடிக்கு 300 அடிக்கு மேல் அனுமதியில்லை. நிதானமாக எய்தபோது 285 அடியை ஒட்டியே நின்ற உருண்டையின் வேகம், விரைந்து எய்யத் தொடங்கியதும் இறங்கிக்கொண்டே போயிற்று. கலத்தில் திரவமாக இருக்கும் கரியமில வாயு ஆவியாகும்போது கலம் குளிர்ந்து அழுத்தம் குறைவதே காரணம் என்று பெரியவர் விளக்கினார். போதாக்குறைக்கு, தம் கனத்தாலேயே உருண்டைகள் விழும் சாதாரண ஹாப்பர் என்னும் கொள்கலம் அந்த விரைவுக்கு ஈடு கொடுக்கமாட்டாமல், ஓர் உருண்டை பாதி இறங்கிய நிலையில் நசுங்கிக் குழலெல்லாம் மஞ்சள் சாயமாயிற்று.

இங்கேதான் அந்தத் தொழிலாளியின் குணம் எனக்கு நன்கு விளங்கியது. விற்றோம், பூட்டினோம் என்று பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்ப அவர் மனம் இடங்கொடுக்கவில்லை. அழுத்தம் மாறாத காற்றுக்கலமும், உருண்டைகளைக் கிளறிவிடும் மோட்டார் ஹாப்பரும் வாங்கும் வரையில் இந்த விரைவை நம்பி ஆட்டத்தில் இறங்கவேண்டாம் என்று வாலிபனிடம் வெளிப்படையாகக் கூறிவிட்டு, திருகைத் தாழ்ந்த அளவில் வைத்துக் கொடுத்தார். ஓர் உறுப்பைச் சிறப்பித்தால் மற்ற உறுப்புகளின் குறை வெளிப்பட்டே தீரும். அதை மறைக்காமல் சொல்லுகிறவனே கைதேர்ந்த தொழிலாளி என்பது என் அபிப்பிராயம்.

கரியமில வாயுவின் அழுத்தம் வெயிலோடு ஏறுவது. காலையில் 285 காட்டிய யந்திரம் நடுப்பகலில் 300-ஐத் தாண்டிவிடக்கூடும். ஆகையால் இவ்விளையாட்டில் ஈடுபடும் அன்பர்கள், வெயில் ஏறிய பின் மறுமுறையும் வேகத்தை அளந்து பார்க்கும்படியும், மைதானத்தில் எக்காரணம் பற்றியும் முகக்கவசத்தைக் கழற்றாதிருக்கும்படியும் வேண்டிக்கொள்கிறேன்.