பெருங்கல் மலையின் தலை போன கதை

இங்கிலாந்திலுள்ள செஸ்டர் நகரில் ரயிலேறி, வேல்ஸ் தேசத்தின் வடகடற்கரை ஓரமாக மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்வோரின் கண்ணையும் கருத்தையும் கவர்வது கான்வே கோட்டை. எட்டுக் கோபுரங்களுடன் அது கம்பீரமாக நிற்கிறது. ரயில் பாதை அதன் மதிலை உரசிக்கொண்டே போகிறது. வேல்ஸ் மக்களின் சுதந்திரத்தைப் பறித்த இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட், அவர்கள் மறுபடியும் தலை தூக்காதிருக்கும் பொருட்டு, 1283-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய கோட்டை அது. பிரயாணிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து வியக்கிறார்கள். வியக்க வேண்டியதுதான், கட்டட வேலை அப்படிப்பட்டது.

ஆனால் நாம் இன்று சொல்லப் போவது கான்வேயைப் பற்றியல்ல. அதற்கு அப்பால் சில மைல் தூரத்தில், ரயிலுக்கு வலப்புறம் கடலும் இடப்புறம் மலையுமாக நெருக்கும் ஓர் இடம் வருகிறது. அந்த மலைக்குப் பென்மைன்மவுர் என்று பெயர். வேல்ஸ் பாஷையில் ‘பென்’ என்றால் தலை; ‘மைன்’ என்றால் கல்; ‘மவுர்’ என்றால் பெரியது. பெருங்கல் தலை என்று நாம் தமிழில் சொல்லலாம். இப்போது அந்த மலையைப் பார்ப்பவர்கள் அதற்கு ஏன் இப்பெயர் வந்தது என்று திகைப்பார்கள். படிப்படியாக வெட்டப்பட்ட பாறைச் சரிவும், மொட்டையான முடியுமே கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு காலத்தில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,550 அடி உயர்ந்திருந்த சிகரம் இன்று அங்கே இல்லை. சிகரத்தின் மேலிருந்த கோட்டையும் இல்லை.

பிரைக்-அ-தீனஸ் என்பது அந்தக் கோட்டையின் பெயர். கான்வேயைப் போல் ஓர் அரசன் கூலி கொடுத்துக் கட்டியதன்று அது. ரோமர்கள் பிரிட்டனுக்கு வருமுன்பே இரும்புக் கால மக்கள் தங்கள் கையால் கல்லின் மேல் கல்லாக, சுண்ணாம்பும் சாந்தும் இன்றி அடுக்கிய மதில்கள். மதில்களுக்குள்ளே வட்ட வட்டமான கல் வீடுகள். கோட்டை என்பதைவிட, மதில் சூழ்ந்த மலை ஊர் என்பதே பொருந்தும். பதினேழாம் நூற்றாண்டில் இதைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்த ஸர் ஜான் வின் என்னும் வேல்ஸ் கனவான், நூற்றுக்கு மேற்பட்ட வட்டக் கோபுரங்களின் அடித்தளங்கள் அங்கே உண்டென்றும், இருபதினாயிரம் பேர் அதில் தங்கலாமென்றும் சொல்லியிருக்கிறார். இருபதினாயிரம் என்பது பழங்கோட்டைகளைப் பற்றிப் பேசும்போது எல்லாத் தேசத்தவருக்கும் சகஜமாக வரும் கணக்கு! அவர் கோபுரம் என்று எண்ணியவை குடும்பங்கள் வாழ்ந்த வட்ட வீடுகளே என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் முடிவு. ஆயினும் நூறு வீடு என்பது சிறிய ஊரா? காற்று எந்நேரமும் வீசும் அவ்வுச்சியில் அடுப்பு மூட்டி, குழந்தை குட்டிகளுடன் மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். ரோமர் ஆட்சிக் காலத்திலும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்பதற்கு, வீடுகளில் கிடைத்த ரோமர் காலப் பானையோடுகள் சாட்சி.

இவ்வளவு காலம் நின்ற ஊருக்கு யமனாக வந்தது அது நின்ற பாறையே. பென்மைன்மவுரின் கல் மிகக் கெட்டியானது, எளிதில் தேயாதது. 1830-ஐ ஒட்டி அங்கே குவாரி வேலை ஆரம்பமாயிற்று. லங்காஷயர் முதலிய ஜில்லாக்களில் ஆலைகள் பெருகி, நகரங்கள் வீங்கி, பார வண்டிகள் ஓயாமல் ஓடிய காலம் அது. அவ்வண்டிச் சக்கரங்களுக்குத் தாக்குப் பிடிக்கும் தெருக்கற்கள் வேண்டியிருந்தன. வெடி வைத்துப் பிளந்த பாறையைத் தொழிலாளிகள் சுத்தியலால் தட்டிச் சதுரக் கற்களாக்கினார்கள். மலைச்சரிவில் போட்ட தண்டவாளங்களில் கல் ஏற்றிய வண்டி கீழே இறங்கும். அதன் பாரமே, கம்பி வடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டியை மேலே இழுத்துவிடும். நீராவியும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். கடற்கரையில் கப்பல்கள் காத்து நின்றன. 1848-இல் ரயிலும் வந்து சேர்ந்தது. அந்த ரயில் பாதைகளுக்குக் கொட்டும் ஜல்லிக்கும் இதே மலைதான் கல் கொடுத்தது.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். அதே ஆண்டுகளில் பென்மைன்மவுர் ஊர் கடற்காற்று வாங்க வரும் சீமான்களுக்குப் பிரியமான இடமாகவும் ஆயிற்று. பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் 1855 முதல் பல தடவை இங்கே வந்து ஓய்வெடுத்தார். மலையின் அழகை மெச்சுவதற்கு ஒரு கூட்டம். மலையை உடைத்து விற்பதற்கு ஒரு கூட்டம். இரண்டுக்கும் நடுவே கல்லுடைத்தவர்கள் வேல்ஸ் பாஷை பேசிய ஏழைத் தொழிலாளிகள். தங்கள் முன்னோர் அடுக்கிய மதிலுக்கு அடியில் அவர்களே வெடி வைக்க நேர்ந்தது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வயிற்றுப் பாட்டுக்கு அந்தப் பிராந்தியத்தில் வேறு வழி அதிகமில்லை.

சிகரத்துக்கு முடிவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே ஆராய்ச்சி தொடங்கியது. பாங்கர் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஹெரால்டு ஹியூஸ் என்பவர் வேல்ஸ் புராதன ஆராய்ச்சிச் சங்கத்தின் சார்பில் வீடு வீடாகத் தோண்டி, அளந்து, படம் வரைந்தார். அவருடைய அறிக்கைகள் 1912 முதல் 1923 வரை அச்சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தன. அறிக்கை ஒருபுறம், வெடிச் சத்தம் ஒருபுறம். இப்படிப் பந்தயம் ஓடியே அவர் அந்த ஊரின் வரைபடத்தைத் தயாரித்தார். 1920-களில் கோட்டையின் கடைசி மிச்சமும் மறைந்தது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1882-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் புராதனச் சின்னங்களுக்காக ஒரு சட்டம் செய்தது; ஆனால் நிலச் சொந்தக்காரர் சம்மதிக்காவிட்டால் அது பல்லில்லாத சட்டம். 1913-இல் அதைச் சற்றுப் பலப்படுத்தினார்கள். அதன் பிறகும் பென்மைன்மவுரில் வெடி ஓயவில்லை. இந்தியாவின் புராதனச் சின்னங்களைக் காப்பதற்கு 1904-லேயே கர்ஸான் பிரபுவின் காலத்தில் சட்டம் இயற்றிய ராஜாங்கம், தன் வாசற்படியிலிருந்த மலை ஊரைக் கைவிட்டுவிட்டது.

இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வட இங்கிலாந்தில் ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய நெடுஞ்சுவர் இருக்கிறது. அதன் அருகே பெரிய அளவில் கல்லுடைக்க 1930-இல் ஒரு திட்டம் கிளம்பியது. உடனே தேசமெங்கும் கூக்குரல். மறு ஆண்டே, சின்னத்தை மட்டுமின்றி அதைச் சூழ்ந்த நிலத்தையும் காப்பதற்கு இடமளிக்கும் புதிய சட்டம் நிறைவேறிற்று. அச்சுவரும் சில இடங்களில் குவாரிக்கு இரையானது உண்மையே. ஆனாலும், படையெடுத்து வந்த ரோமனின் சுவருக்காக எழுந்த குரலில் கால் பங்காவது, அந்த ரோமன் வருமுன்பே இந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் ஊருக்காக எழுந்திருந்தால்? எட்வர்டின் கான்வே கோட்டையில் ஒரு கல்லைப் பெயர்க்கக் கம்பெனி எதுவும் துணிந்திராது.

மனிதன் இந்த மலையில் கல்லெடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்திலுள்ள கிரைக் லுவிட் என்ற சரிவில், கற்காலத்தில் கோடரி செய்த இடத்தை 1919-இல் ஹேஸல்டீன் வாரன் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார். இரும்பு என்பதே அறியாத அம்மக்கள் அதே கெட்டிக் கல்லைச் செதுக்கிக் கோடரி செய்தார்கள். அக்கோடரிகள் இங்கிலாந்தின் தூரப் பிரதேசங்களிலும் கிடைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தத் தொழிலால் மலையின் உயரம் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிரைக்-அ-தீனஸ் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், இன்னும் மேற்கே லின் தீபகற்பத்திலுள்ள த்ரேர் கெய்ரிக்குப் போக வேண்டும். ராட்சதர்களின் ஊர் என்று அப்பெயருக்கு அர்த்தம் சொல்கிறார்கள். அங்கேயும் மலை முடியில் மதில் உண்டு. உள்ளே சுமார் நூற்றைம்பது கல் வீடுகள் உண்டு. ஹெரால்டு ஹியூஸ் 1906-இல் அங்கும் ஆராய்ச்சி செய்தார். அதே மலைத் தொடரில் கடலோரச் சிகரத்தைக் குவாரிக்காரர்கள் வெட்டினார்கள். பனித் தரையில் கல்லை உருட்டி விளையாடும் ‘கர்லிங்’ ஆட்டத்துக்குக்கூட அங்கிருந்து கல் போகிறது. ஊர் இருந்தது வேறு சிகரத்தில், அதனால் தப்பிற்று. மதில் வாசலில் நுழைந்து, ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால், காற்று தலைக்கு மேலே போய்விடும்.