துப்பாக்கி அவர் சாய்ஸ்... உறை என் சாய்ஸ்!

எங்கள் வீட்டில் மிக்ஸியிலிருந்து கார் டயர் வரை எதை வாங்கினாலும், நாலு கடை ஏறி இறங்கி, நாற்பது பேரின் அனுபவத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். இதற்காக என் கணவர் என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை. ஆனால், கைத்துப்பாக்கியை வைக்கிற உறைக்காக மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்வேன் என்று திருநெல்வேலியில் இருந்தபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்துக்கு வெளியே. பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த சின்ன கடை வைத்திருக்கிறோம். பால், பிரெட், சிகரெட், லாட்டரி டிக்கெட் என்று வியாபாரம். ராத்திரி 11 மணிக்குக் கல்லாவைக் கணக்குப் பார்த்து, ஷட்டரைப் பூட்டி, பணப் பையோடு அவர் தனியாகக் காருக்கு நடப்பார். போன வருடம் அதே சாலையில் இன்னொரு கடைக்காரரைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டிப் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. அவர் வந்து சேரும்வரை எனக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தார். "ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். இடுப்புல வெளியில தெரியற மாதிரியே வச்சுக்கப் போறேன். பாக்கறவன் கிட்ட வரமாட்டான்."

நம் ஊரில் இது நடக்காத காரியம். லைசென்ஸுக்கே நாய் படாத பாடு பட வேண்டும். இங்கே கதை வேறு. டெக்சாஸில் 2016 ஜனவரி முதல், லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. 2021 செப்டம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை ஏதும் இல்லாதவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்றார்கள். (ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நாங்கள் குடியுரிமை வாங்கிவிட்டோம்.) வெளியே தெரிந்தால் உறைக்குள் இருக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. எப்படிப்பட்ட உறை, அதில் எத்தனை பூட்டு என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு உறுத்தியது அந்த இடம்தான். "துப்பாக்கி எதுன்னு நீங்க பாத்துக்கோங்க. அதை எதுல வைக்கிறதுன்னு நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சட்டைக்குள் மறைந்திருக்கிற துப்பாக்கி இருப்பது யாருக்கும் தெரியாது. வெளியே தொங்குகிற துப்பாக்கி, திருடனுக்கும் தெரியும், குடித்துவிட்டு வருகிறவனுக்கும் தெரியும், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மிட்டாய் கேட்கிற நாலு வயதுப் பையனுக்கும் தெரியும். அந்தப் பையனின் கண் மட்டத்தில்தான் அது இருக்கும்! கணவர் கீழ்த்தட்டில் பால் கேன் அடுக்கக் குனிகிறார். முதுகுப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டால்?

சின்ன வயதில் எங்கள் ஊர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரின் தோளிலிருந்து இறங்கி, இடுப்பு ரிவால்வரின் பிடியில் முடிகிற பின்னல் கயிற்றைப் பார்த்திருக்கிறேன். அழகுக்காகக் கட்டியிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். துப்பாக்கி கைநழுவி விழாமல், பிறர் எளிதாகக் கொண்டு போய்விடாமல் இருக்கத்தான் அந்தக் கயிறு என்று இந்த மூன்று வாரத்தில் புரிந்தது.

இங்கே அந்த வேலையை உறையே செய்கிறது. அதை 'ரிட்டென்ஷன்' என்கிறார்கள். யார் இழுத்தாலும் விடாத பிடிமானம். போலீஸ்காரர்களின் துப்பாக்கியைப் பறித்து அவர்களையே சுட்ட சம்பவங்கள் இங்கே நிறைய. 1970களில் பில் ராஜர்ஸ் என்ற முன்னாள் எஃப்.பி.ஐ அதிகாரி இதற்காகவே உறைகளை வடிவமைத்தார், சோதிக்க ஒரு முறையையும் வகுத்தார். உறையில் இருக்கிற துப்பாக்கியின் பிடியை ஒருவர் பிடித்து, எந்தத் திசையில் வேண்டுமானாலும் 5 நொடி பலம் கொண்ட மட்டும் இழுக்க வேண்டும். துப்பாக்கி வெளியே வரக் கூடாது, உறையும் பெல்ட்டிலிருந்து பிய்ந்து வரக் கூடாது. தாங்கினால் லெவல் 1. ஒரு பூட்டைத் திறந்துவிட்டு மறுபடி 5 நொடி இழுத்தும் தாங்கினால் லெவல் 2. இன்னொரு பூட்டையும் திறந்த பிறகும் தாங்கினால் லெவல் 3.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? சிக்கல் என்னவென்றால், இதை எல்லாக் கம்பெனியும் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சிலர் சோதனையே செய்யாமல், எத்தனை பூட்டு வைத்தோம் என்று எண்ணி அதையே லெவல் என்று போட்டுவிடுகிறார்கள். பிளாஸ்டிக் இறுக்கிப் பிடிப்பதைக்கூட ஒரு லெவலாகக் கணக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. அட்டைப்பெட்டியில் போட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்கக் கூடாது என்பதை மிக்ஸி வாட்ஸிலேயே கற்றுக்கொண்டவள் நான்.

கணவர் முதலில் காட்டியது தோல் உறை. மேலே திறந்தே இருக்கும், கௌபாய் படத்தில் வருமே, அது மாதிரி. "ஸ்டைலா இருக்குல்ல?" என்றார். பதில் சொல்லாமல், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் நடத்தும் பயிற்சி வகுப்புக்கு இருவர் பெயரையும் பதிவு செய்தேன்.

அங்கே நிஜத் துப்பாக்கி கிடையாது, நீல நிறப் பிளாஸ்டிக் பொம்மைதான். கணவரின் இடுப்பில் வெறும் இறுக்கத்தில் நிற்கிற உறையை மாட்டிவிட்டு, "பின்னாலிருந்து எடுங்கள்" என்றார் பயிற்சியாளர் என்னிடம். நான் 52 கிலோ. அவர் என்னைவிட ஓரடி உயரம். ஒரே இழுப்பு. துப்பாக்கி என் கையில்! அவர் திரும்பிப் பார்த்தபோது அது அவரை நோக்கி இருந்தது. பொம்மைதான். ஆனாலும் ரெண்டு பேருமே சிரிக்கவில்லை.

அடுத்து மூன்று லெவல் உள்ள உறை. மேலே ஒரு மூடி, உள்ளே தானாக மாட்டிக்கொள்கிற பூட்டு. ஆட்டினேன், முறுக்கினேன், தொங்கினேன் என்றே சொல்லலாம். அவர்தான் தடுமாறி ரெண்டடி நகர்ந்தாரே தவிர, அது அசையவில்லை. கனமான பெல்ட் இருந்ததால்தான் உறையும் நின்றது. சாதாரண பேன்ட் பெல்ட்டில் இதை மாட்டினால் எல்லாம் சேர்ந்து கையோடு வந்துவிடும் என்றார் பயிற்சியாளர்.

"இப்போது நீங்கள் எடுங்கள்" என்றார் கணவரிடம். அவராலும் எடுக்க முடியவில்லை! கட்டைவிரலால் மூடியை அமுக்கி முன்னால் தள்ள வேண்டும், அதே விரலால் உள்பக்கத்து லீவரை இழுக்க வேண்டும், பிறகு நேராக மேலே. பதற்றத்தில் வரிசை மாறினால் திறக்காது. இதை நினைத்துத்தான் பலர் குறைந்த லெவல் போதும் என்கிறார்கள். ஆபத்தில் எடுக்க முடியாவிட்டால் எதற்கு என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

இன்னொரு வகையில் ஆள்காட்டி விரலால் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். எளிதுதான். ஆனால், அதே விரல் அழுத்திய வேகத்தில் ட்ரிக்கர் மேல் போய் உட்கார்ந்தால், தன் காலையே சுட்டுக்கொள்ள நேரிடும். இந்த வகையை அனுமதிக்காத பயிற்சிப் பள்ளிகளும் உண்டு. எனக்கும் பிடிக்கவில்லை. கட்டைவிரல் வகைதான் என்று முடிவு செய்தேன்.

லெவல் எது? பயிற்சியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒரு நாளில் எத்தனை பேர் உங்களைக் கையெட்டும் தூரத்தில் கடந்து போகிறார்கள்?" கணவர் யோசித்து, "இருநூறு, முந்நூறு இருக்கும்" என்றார். "அப்படியானால் மூன்று. இல்லையென்றால் சட்டையை வெளியே விட்டு மறைத்துக்கொள்ளுங்கள். மறைத்தால் அதுவே ஒரு பூட்டு, லெவல் 1 போதும்."

என் ஓட்டு மறைப்பதற்குத்தான். கார் வரும் வழியிலேயே வாக்குவாதம். "மறைச்சா திருடனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "பறிக்கிறவனுக்கும் தெரியாதே" என்றேன். அதில் நான் ஜெயிக்கவில்லை. லெவலில் ஜெயித்தேன். அவருடைய துப்பாக்கி மாடலுக்கே பொருந்துகிற மூன்று லெவல் உறை, கனமான பெல்ட், எல்லாம் சேர்த்து இருநூறு டாலருக்கு மேல் ஆனது. வீட்டில் ஒரு மாதம் தினமும் பயிற்சி. குண்டுகள் வேறு அறையில் பூட்டி இருக்கும். காலித் துப்பாக்கியை இருவரும் தனித்தனியாகச் சோதித்த பிறகு, அவர் சுவரைப் பார்த்து நின்று எடுப்பார். நான் எண்ணுவேன். முதல் நாள் நாலு வரை போனது. மாதக் கடைசியில் 'ரெண்டு' சொல்லி முடிப்பதற்குள் எடுத்தார். குனியும்போது முழங்கையை உறை மேல் வைப்பது, கூட்டத்தில் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் வைத்து நிற்பது எல்லாம் இப்போது பழக்கமாகிவிட்டது.

மூன்று லெவல் என்பதால் வீட்டில் கழற்றி எங்கே வேண்டுமானாலும் தொங்கவிடலாம் என்று அர்த்தமில்லை. திறக்கிற விதத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். குண்டு போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி அஜாக்கிரதையாக விடுவது டெக்சாஸில் குற்றம். ராத்திரி அவர் வந்ததும் அது பெட்டகத்துக்குள் போகிற சத்தம் கேட்ட பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறேன்.

கடையில் சில மாற்றங்கள் தெரிகின்றன. தினமும் வந்து லாட்டரி டிக்கெட் வாங்கிப் பத்து நிமிடம் கதை பேசுகிற ஒரு பாட்டி இப்போது டிக்கெட்டை வாங்கியதும் கிளம்பிவிடுகிறார். அவர் வேலையாக இருப்பார் என்கிறார் கணவர். பாட்டியின் பார்வை எங்கே போகிறது என்று கவுன்டரில் நின்ற நான் பார்த்தேன்.

எங்கள் மகளுக்கு 15 வயது. கோடை லீவில் கடைக்கு வந்து சாமான் அடுக்கித் தருகிறேன் என்கிறாள். அவள் கடையில் இருக்கிற நேரத்தில் அந்த பெல்ட் உங்கள் இடுப்பில் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "பாக்கலாம்" என்றிருக்கிறார். லீவுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.