ஒரு கை செய்த இரண்டு

நல்லதையும் கெட்டதையும் எதிரே வைத்து, "எது வேண்டும்?" என்று கேட்டால் பதில் சொல்வதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? இரண்டும் நல்லதாக இருந்துவிட்டால்தான் மனிதன் தவித்துப் போகிறான். ஜவுளிக் கடையில் இரண்டு தோளிலும் இரண்டு பட்டுப் புடவைகளைப் போட்டுக்கொண்டு, கடைச் சிப்பந்தி கொட்டாவி விடும் வரையில் கண்ணாடி முன் நிற்கும் பெண்மணிகளைப் பரிகாசம் செய்யாத ஆண்பிள்ளை உண்டா? அப்படிப் பரிகாசம் செய்தவர்களில் என் சித்தப்பா பிள்ளையும் ஒருவன். அவனே பிறகு மூன்று மாதம் அந்தக் கண்ணாடி முன் நின்றான். அவன் தோளில் கிடந்தவை புடவைகள் அல்ல, மோட்டார் சைக்கிள்கள். ஒன்று டுகாட்டி 916. இன்னொன்று எம்.வி. அகுஸ்டா எஃப் 4.

அவன் இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் இருபது வருஷமாக இருக்கிறான். பொட்டலம் கட்டும் யந்திரங்கள் செய்வதில் அந்த ஊர் பேர்போனது. அப்படி ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. நான் அந்தப் பக்கம் போகிறேன் என்று தெரிந்ததும் சித்தி என்னைக் கூப்பிட்டு, "அவங்க அப்பா வச்சுட்டுப் போன மனையை வித்த பணம்டா. அதைக் கொண்டுபோய் ரெண்டு சக்கரத்திலே போடப் போறானாம். நீ சொன்னா கேப்பான்" என்றாள். கேட்பான் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சித்தியிடம் தலையாட்டினேன்.

அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. வலது மணிக்கட்டில் ஒரு தடவை அறுவை நடந்திருக்கிறது. இந்த வண்டிகளிலோ நிமிர்ந்து உட்கார இடமில்லை. பெட்ரோல் டாங்கியின் மேல் கவிழ்ந்து, உடம்பின் பாரத்தில் பாதியை மணிக்கட்டுகளில் தாங்க வேண்டும். "இன்னும் நாலைந்து வருஷம் ஓட்டலாம். அப்புறம் என்னிடம் வராதே" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆகவே இப்போது வாங்காவிட்டால் இந்த ஜன்மத்தில் இல்லை. இதைச் சித்தி என்னிடம் சொல்லவில்லை, அவளுக்கே தெரியாது.

"சரி, வாங்கித்தான் தீருவாய் என்றால் ஒன்றை வாங்கேன். என்ன யோசனை?" என்றேன்.

"அதுதான் அண்ணா கஷ்டம். ரெண்டையும் செஞ்சது ஒரே ஆள்."

மாசிமோ தம்புரினி என்ற அந்த ஆசாமியின் கதை எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நாவல் எழுதுகிறவன் இட்டுக்கட்டியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்பமாட்டார். 1943ல் ரிமினியில் பிறந்தவர். பொறியியல் பட்டம் இல்லை. வீடுகளுக்கு உஷ்ணக் குழாய் பதிப்பது தொழில். 1972ல் மிசானோ பந்தயப் பாதையில் ஹோண்டா வண்டியிலிருந்து விழுந்து விலா எலும்புகளை முறித்துக்கொண்டார். வேறொருவராக இருந்தால் வண்டியை விற்றுத் தலைமுழுகியிருப்பார். இவர் அந்த வண்டியின் எஞ்சினுக்குப் புதிதாக ஒரு சட்டம் செய்யத் தொடங்கினார். பியாங்கி, மோர்ரி, தம்புரினி என்ற மூன்று கூட்டாளிகளின் பெயர்களிலிருந்து முதல் எழுத்துக்களைச் சேர்த்ததுதான் பிமோட்டா என்ற கம்பெனி. உஷ்ணக் குழாய்க் கம்பெனி மோட்டார் சைக்கிள் கம்பெனியாயிற்று. குழாயை வளைக்கத் தெரிந்த கைக்கு வண்டிச் சட்டமும் குழாய்தானே!

பிறகு காஸ்டிலியோனி சகோதரர்கள் அவரைத் தங்களிடம் அழைத்துக்கொண்டார்கள். 1985ல் டுகாட்டி கம்பெனியும் அவர்கள் கைக்கு வந்தது. சான் மரீனோவில் ஒரு பட்டறையை ஒப்படைத்துவிட்டு, க்ளாடியோ காஸ்டிலியோனி அவரை அவர் போக்கில் விட்டார். அதன் பலன், 1993ல் மிலான் கண்காட்சியில் வைக்கப்பட்ட 916. இரண்டு ஒடுங்கிய விளக்குகள், ஸீட்டுக்கு அடியில் இரண்டு சைலன்ஸர்கள், பின்சக்கரத்தை ஒரே பக்கம் பிடித்திருக்கும் ஒற்றைக் கை. பார்த்தவர்கள் அயர்ந்து போனார்கள். 1994லும் 1995லும் கார்ல் ஃபோகார்ட்டி அதில் ஏறி உலக ஸூப்பர்பைக் பட்டத்தை வென்றார்.

வண்டி ஜெயித்தது, முதலாளிக்குக் கடன் ஏறியது. 1996ல் டுகாட்டியின் பெரும் பங்கு ஓர் அமெரிக்க முதலீட்டுக் கம்பெனிக்குப் போயிற்று. பெற்ற குழந்தையைப் பிறர் தத்தெடுத்துப் போய்விட்ட மாதிரி. காஸ்டிலியோனியிடம் மிஞ்சியது எம்.வி. அகுஸ்டா என்ற பழைய பெயரும், தம்புரினியும். அந்தப் பெயர் லேசானதல்ல. ஜாக்கமோ அகோஸ்டினி தம்முடைய பதினைந்து உலகப் பட்டங்களில் பதின்மூன்றை அந்தப் பெயர் எழுதிய வண்டியில்தான் பெற்றார். 1997ல் எஃப் 4 வெளிவந்தது. முதலில் செய்தவை தங்க வரிசை என்ற பெயரில் முந்நூறே வண்டிகள். 1998ல் நியூயார்க் குகன்ஹைம் மியூஸியத்தில் மோட்டார் சைக்கிள் கலைக்காக ஒரு காட்சி நடத்தியபோது 916ம் இடம்பெற்றது, எஃப் 4ம் இடம்பெற்றது.

மனிதன் தான் செய்ததைத் தானே மிஞ்ச வேண்டும் என்று உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதை எஃப் 4ஐப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். அதே ஒற்றைக் கை, அதே ஸீட்டடிப் புகைக்குழாய். ஆனால் இரண்டல்ல, நான்கு. மாதாகோயில் ஆர்கன் குழாய்களைப் போல அடுக்கியிருக்கின்றன. பக்கத்தில் பக்கமாக இருந்த விளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிட்டன.

உள்ளே இருக்கும் யந்திரந்தான் முற்றிலும் வேறு. டுகாட்டிக்கு இரண்டு சிலிண்டர்கள், தொண்ணூறு டிகிரி விரித்துவைத்தவை. சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது ஒரு நெம்பு, மூடுவது ஸ்பிரிங். வேகம் மிஞ்சினால் ஸ்பிரிங் பின்தங்கிவிடும். ஃபாபியோ தலியோனி 1956லேயே பந்தய டுகாட்டி ஒன்றில் ஸ்பிரிங்கை நம்பாமல், மூடுவதற்கும் தனி நெம்பு வைத்தார். அதுதான் இன்றும் அந்த வம்சத்தின் அடையாளம். எஃப் 4ல் வரிசையாக நான்கு சிலிண்டர்கள். வால்வுகள் நேராக நில்லாமல் சக்கரத்தின் ஆரங்களைப் போல் சற்று விரிந்திருக்கும். டுகாட்டி நிமிஷத்துக்குச் சுமார் ஒன்பதாயிரம் சுற்றில் தன் முழுச் சக்தியைக் காட்டிவிடும். மற்றது பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போனால்தான் பாட ஆரம்பிக்கும். நிற்கும்போது டுகாட்டியின் உலர்ந்த கிளச்சு, பாத்திரக்கடையில் பூனை புகுந்தது போல் கடகடக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு என் தம்பி கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். சங்கீத சபையில் கூட அவன் அப்படி ஆட்டி நான் பார்த்ததில்லை.

எஃப் 4ஐப் பார்க்க வரேசேக்கு ரயிலில் போனோம். அந்த ஊர் ஏரிக்கரையில் ஸ்கிரான்னா என்ற இடத்தில்தான் எம்.வி. தொழிற்சாலை. வண்டிக்காரர் ஒரு வயோதிகர். வண்டியை எங்கே நிறுத்தியிருந்தார் என்கிறீர்கள்? வீட்டுக் கூடத்தில், ஸோபாவுக்கு எதிரே. சிவப்பும் வெள்ளியுமாக அது நின்றதைப் பார்த்ததும், சித்தி சொல்லியனுப்பிய புத்திமதி எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. "இதையே வாங்கிவிடு" என்று தமிழில் சொன்னேன். என் அபிப்பிராயம் இன்றும் அதுதான். இரண்டில் அழகு எது என்று கேட்டால் எஃப் 4 என்றுதான் சொல்வேன்.

தம்பி பேசாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு, "எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கு?" என்று இத்தாலிய பாஷையில் கேட்டான். மிகவும் சொற்பம். கிழவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். தம்பிக்கு முகம் வாடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் ரத்திகோஸா கணவாய்க்கு அழைத்துப் போனான். பொலோன்யாவிலிருந்து ஃப்ளாரென்ஸுக்குப் போகும் பழைய மலைப் பாதை அது. உச்சியில் ஒரு காப்பிக் கடை. வாசலில் தேர்த்திருவிழாவைப் போல மோட்டார் சைக்கிள்கள். அங்கே 916கள் நின்றன. பூச்சி ஒட்டிய கண்ணாடியும், தேய்ந்த டயருமாக நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஸீட்டுக்கு அடியிலிருந்து மேலே வரும் சூட்டைப் பற்றியும், கண்ணாடியில் தங்கள் முழங்கை மட்டுமே தெரிவதைப் பற்றியும் மருமகளைக் குறை சொல்லும் மாமியார் மாதிரி ஆனந்தமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ரப்பர் பெல்ட்டு மாற்ற வேண்டும். அதற்குப் போர்கோ பனிகாலே பக்கத்தில், டுகாட்டி தொழிற்சாலை இருக்கும் பேட்டையிலேயே, தம்பிக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். எஃப் 4க்கு உதிரிப் பாகம் வேண்டுமென்றால்? அந்தக் கம்பெனி 2008ல் ஹார்லி டேவிட்ஸனிடம் போய், 2010ல் காஸ்டிலியோனியிடமே திரும்பி, அதன் பிறகும் கைமாறி வந்திருக்கிறது. ஒரு சாமானுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது என்றால், அவனிடம் இருப்பதே நாலைந்து வருஷந்தானே!

இவ்வளவு தெரிந்தும் அவனுக்கு முடிவு செய்ய வரவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது இரண்டு படங்களையும் மேஜை மேல் பரப்பினான். அவன் மனைவி ரசத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள். மனை விற்ற நாள் முதல் அவள் அந்தப் பேச்சில் வாயைத் திறந்ததே இல்லையாம்.

"இதிலே நான் எங்கே உக்காரணும்?" என்று எஃப் 4 படத்தைக் காட்டிக் கேட்டாள்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கிழவருடைய வண்டி ஒற்றை ஸீட்டு வண்டி. விலைக்கு வந்திருந்த 916லோ பின்னால் ஒரு ஸீட்டு உண்டு. ஸீட்டு என்பது மரியாதைக்கு. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பலகை, அதுவும் முன்னவன் தலைக்கு மேலே தூக்கி வைத்த மாதிரி.

"நீ வருவியா? உனக்குப் பயமில்லையா?" என்றான்.

"பயந்தான். உங்க அப்பா மனையிலே எனக்குப் பாதியாவது வேணாமா?" என்றாள்.

மறுநாள் காலையில் மூவருமாகக் கடைக்குப் போனோம். அவள் புடவைக்குப் பதில் சல்வார் அணிந்து வந்திருந்தாள். கடைக்காரர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்து, தம்பியின் தோளைப் பற்றிக்கொண்டாள். "ரொம்ப உசரம்" என்றாள். இறங்கவில்லை. தம்பி முன்பணத்தைக் கொடுத்தான். பெல்ட்டுகளை மாற்றித் தரப் பத்து நாள் ஆகும் என்றார் கடைக்காரர். அதற்குள் அவள் தலைக்கு அளவான ஹெல்மெட் ஒன்று பார்க்க வேண்டும் என்று சொல்லி, இருவரும் தெரு முனைக் கடைக்கு நடந்தார்கள். சித்திக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.