ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம்

திருப்பூரில் ராத்திரி என்று ஒன்று தனியாக வருவதில்லை. நிட்டிங் யூனிட்டுகளின் டியூப்லைட், தெருவிளக்கு, லாரி வெளிச்சம் எல்லாம் சேர்ந்து வானத்தை வெளுக்க வைத்துவிடும். பிள்ளைகளுக்கு நிஜமான வானத்தைக் காட்ட வேண்டுமென்றால், சென்னை ரயிலைப் பிடியுங்கள். நாலு மணி நேரத்தில் ஜோலார்பேட்டை. அங்கிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். காட்டுக்கு நடுவே வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. மழை, மேகம் இருந்தால் வானம் கிடைக்காது.

பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கும் என் சித்தியும் கூட வந்திருந்தார். இருட்டியதும் அண்ணாந்து பார்த்தவர், “ஏனுங்க, இத்தனை நட்சத்திரத்துல ஒண்ணை மட்டும் மறுபடி எப்படித் தேடிப் புடிப்பாங்க?” என்றார்.

பதில் அவர் வேலையிலேயே இருக்கிறது. செக்கிங் மேசையில் ஆள் நகர்வதில்லை, துணிதான் ஓடுகிறது. ஓட்டை தெரிந்தால், எத்தனையாவது மீட்டரில், ஓரத்திலிருந்து எத்தனை இஞ்சில் என்று குறித்தால் போதும். வானமும் அப்படித்தான். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுகின்றன. தெற்கு வடக்காக மட்டும் அசையும் ஒரு தொலைநோக்கியை நிறுத்தி, நட்சத்திரம் உச்சிக் கோட்டைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தால், அது வானத்தின் நீளவாக்கு. எவ்வளவு உயரத்தில் கடந்தது என்பது அகலவாக்கு. நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகரும்.

இந்தக் கணக்கைத் தமிழ்நாடு ரொம்ப காலமாகப் போட்டு வருகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தில், கருவி துளியும் அசையக் கூடாதென்று ஒரு பெரிய கருங்கல் தூணை நட்டார்கள். அந்தத் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே பல ஆண்டுகள் இரவிரவாகக் குறித்ததைத் தொகுத்து, 1844-ல் 11,015 நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட்டார் டி.ஜி. டெய்லர்.

இடத்தைச் சரியாகக் குறித்து வைத்தால்தான் இடம் மாறியது எது என்று தெரியும். 1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். நட்சத்திரங்கள் தம் இடத்திலேயே இருக்க, அது மட்டும் நகர்ந்திருந்தது. அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

மங்கலான அந்தப் புள்ளி கண்ணில் படுவதற்குத் தேவை இருட்டு. மலையடிவார ஊர்களில் விளக்கு கூடக்கூட காவலூரின் வானமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும். மேல்நோக்கிச் சிதறாமல் மூடி போட்ட விளக்கு ஒவ்வொன்றும் வானத்துக்குச் செய்யும் உபகாரம்.

காவலூர் போக முடியாதவர்கள், சித்திரை, வைகாசி முன்னிரவில் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துப் பக்கம் போய் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலத்தின் முதல் இரண்டு நட்சத்திரங்களை இணைத்து நீட்டினால் துருவ நட்சத்திரம். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் ஏறக்குறைய 10 டிகிரி. திருப்பூரில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே, 11 டிகிரியில் நிற்கும். நம் ஊரின் அட்சரேகையும் அதே 11 தான்.

பக்கத்து மெஷினில் தைக்கும் பாட்னா பையனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் ஊரில் அதே நட்சத்திரம் இரண்டரை முஷ்டி உயரம். எவ்வளவு தூரம் தெற்கே பிழைக்க வந்திருக்கிறான் என்பதை, இருட்டு இருந்தால், அவன் கையாலேயே அளந்துகொள்ளலாம்.